பழைய லாந்தர் கடிகாரத்தின் ஓட்டைகளை அடைக்காதீர்கள்

நான்கு பித்தளைத் தூண்கள், தலையில் கவிழ்த்த மணி, முன்னால் ஒரே ஒரு முள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வீடுகளுக்குள் பரவலாக நுழைந்த முதல் கடிகாரம் இதுதான். சுவரில் மாட்டி, கயிற்றில் எடையைத் தொங்கவிட்டு ஓட்டினார்கள்.

ஒரு முள்தானே இருக்கிறது, இன்னொன்று தொலைந்துவிட்டது போல என்று பலர் நினைக்கிறார்கள். தொலையவில்லை. டயலில் ஒவ்வொரு மணிக்கும் நடுவே நான்கு கட்டங்கள் இருக்கும், ஒரு கட்டம் கால் மணி நேரம். கட்டங்கள் நான்காகவே இருந்து முள் மட்டும் இரண்டாக இருந்தால், பின்னாளில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். டயலில் சாவி கொடுக்கும் துளை தெரிந்தால் இன்னும் கவனம் தேவை. கயிற்றில் எடை தொங்கும் இந்தக் கடிகாரத்துக்குச் சாவி எதற்கு? கயிற்றை இழுத்தால் போதும். 19ஆம் நூற்றாண்டில் பல பழைய கூடுகளின் உள்ளுறுப்புகளைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் இயந்திரம் பொருத்தினார்கள். முழுக்கப் புதிதாகவே செய்த நகல்களும் அப்போது வந்தன.

ஆனால் எல்லா மாற்றத்தையும் போலி என்று ஒதுக்குவதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. வில்லியம் பௌயர் போன்ற ஆரம்பகால லண்டன் கைவினைஞர்கள் கடிகாரம் செய்த நாளில் பெண்டுலமே (ஊசல்) கிடையாது. மணிக்கு அடியில் ஒரு சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடும், நேரமும் தினம் பல நிமிடம் தவறும். ஹாலந்தில் விஞ்ஞானி ஹைகன்ஸ் 1656இல் பெண்டுலக் கடிகாரத்தை உருவாக்கினார். 1658இல் லண்டனில் கடிகாரம் செய்யும் அஹாசுவரஸ் ஃப்ரமான்டீல் அதை விளம்பரம் செய்தார். அப்புறம் என்ன, பழைய கடிகாரம் வைத்திருந்தவர்கள் ஆடும் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெண்டுலம் போட்டுக்கொண்டார்கள். குட்டைப் பெண்டுலம் போட்டு, பிறகு நெட்டைப் பெண்டுலத்துக்கு மாறியவையும் உண்டு. அந்தந்த மாற்றத்தின் தடயம்தான் மேல்தகட்டில் தெரியும் வெற்று ஓட்டைகள். அழகுக்காக அவற்றை அடைத்தால் கடிகாரத்தின் வரலாறே அழிந்துபோகும். ‘மூல வடிவுக்குக் கொண்டுவருகிறேன்’ என்று 300 ஆண்டுப் பெண்டுல வேலையைத் தூக்கி எறிவது அதைவிட மோசம்.

அடுத்து, பெயரை மட்டும் பார்த்து வாங்குவது. லண்டன் லாத்பரி தெருவில் கடிகாரம் செய்த தாமஸ் நிஃப்டன் போன்றோரின் பெயருக்கு இன்று நல்ல மதிப்பு. சரி, பெயரை எப்போது வேண்டுமானாலும் பொறிக்கலாமே! பக்கக் கதவைத் திறந்து தகட்டின் உட்புறத்தைப் பாருங்கள். வார்த்து, சுத்தியலால் தட்டிய பழைய பித்தளையில் குழிகள் இருக்கும், கனமும் இடத்துக்கு இடம் மாறும். பிற்காலத்தில் ஆலையில் செய்த தகடு ஒரே சீராக இருக்கும்.

கடைசியாக, குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற பழக்கத்தை இங்கே காட்ட வேண்டாம். எண்கள் பொறித்த வளையத்தில் மெல்லிய வெள்ளிப் பூச்சு இருக்கும். தேய்த்தால் அது போய்விடும், பொறித்த கோடுகளும் மழுங்கும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.