பழைய நல்ல படங்களைச் சோடி சோடியாகப் பார்ப்பது எப்படி?

முட்டம் பக்கம் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் புரொஜெக்டர் என் பொறுப்பில் இருக்கிறது. அதனால் “பழைய உலகப் படமெல்லாம் பாக்கணும், எங்கேருந்து தொடங்க?” என்று பையன்கள் என்னிடம்தான் வருவார்கள். கையில் ஒரு ‘சிறந்த நூறு’ பட்டியல் கட்டாயம் இருக்கும். அதை முதலில் மடித்து வை மக்களே என்பேன்.

‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுக்கிறது. 1952இல் முதலிடம் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. 1962 முதல் 2002 வரை ‘சிட்டிசன் கேன்’. 2012இல் ‘வெர்டிகோ’. 2022இல் ‘ழான் டீல்மன்’. அது மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், அதில் ஒரு பெண் உருளைக்கிழங்கு தோல் சீவுவதையும் பொறுமையாகப் பார்க்க வேண்டும். நல்ல படம்தான். ஆனால் அங்கேயிருந்து தொடங்கினால் கிழங்கு வேகுமுன் தூங்கிவிடுவீர்கள்.

என் வழி வேறு. நம் காதுக்குப் பழகிய மொழியில் ஒரு படம், அதே விஷயத்தைப் பேசும் வெளியூர்ப் படம் ஒன்று. இரண்டையும் அடுத்தடுத்த வாரம் பாருங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. இங்கே பலருக்கு மலையாளப் படத்துக்கு சப்டைட்டிலே வேண்டாம். மதுரைக்காரருக்குக் கிடைக்காத சலுகை இது, வீணாக்காதீர்கள்.

முதல் சோடி கடல். ராமு காரியாட்டின் ‘செம்மீன்’ (1965), தகழியின் நாவல், குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் வாங்கிய படம். பாட்டுக்காக மட்டும் பார்த்தவர்கள் முழுசாக இன்னொரு முறை பார்க்கலாம். அடுத்த வாரம் இத்தாலி இயக்குநர் விஸ்கோந்தியின் ‘லா டெர்ரா டிரெமா’ (1948). சிசிலித் தீவில் ஆச்சி ட்ரெட்சா என்ற மீனவ ஊர். நடிப்பவர்கள் அந்த ஊர்க்காரர்களே. பேசுவது அவர்களுடைய சொந்தப் பேச்சு. இத்தாலிக்காரர்களுக்கே அது புரியாததால் பின்னணியில் ஒரு குரல் விளக்கிக்கொண்டே வரும். நம் கடற்கரைப் பேச்சை நாகர்கோவில் டவுன்காரர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறதல்லவா, அந்தக் கதைதான்.

படத்தில், விடியலில் படகுகள் கரைக்கு வரும். வியாபாரிகள் சூழ்ந்துகொண்டு விலையை அடிமாட்டுக்கு இறக்குவார்கள். ஒருநாள் அந்தோனி என்ற இளைஞன் பொறுக்க மாட்டாமல் தராசைப் பிடுங்கிக் கடலில் எறிகிறான். அப்புறம் வீட்டை அடகு வைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறான். நெத்திலி கொட்டுகிறது, குடும்பமே உட்கார்ந்து உப்புப் போட்டு அடுக்குகிறது. மீதியைச் சொல்ல மாட்டேன். எங்கள் படிப்பகத்தில் ஒரு பாட்டா திரையைக் கைகாட்டி, “இந்த ஏலக்காரன எனக்குத் தெரியுமே” என்றார். படம் நீளம், இரண்டரை மணி நேரத்துக்கு மேல். ஜூன், ஜூலையில் போடுங்கள். மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள்.

போடும்முன் ஒரு வேலை. அந்தக் காலப் படங்கள் கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும். இன்றைய டிவி அதை இழுத்துத் திரை முழுக்க நிரப்பி எல்லார் முகத்தையும் பூசணியாக்கிவிடும். செட்டிங்ஸில் போய் 4:3 வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால்தான் சரி. சப்டைட்டில் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் இருந்தால், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாரத்தை மட்டும் தமிழில் சொல்லட்டும். ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்க்கப் போனால் படம் ஓடிவிடும்.

இரண்டாவது சோடி துப்பறிதல். ‘அந்த நாள்’ (1954), வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது, பாட்டே கிடையாது. சென்னையில் குண்டு விழுந்த மறுநாள் ஒருவன் சுடப்பட்டுக் கிடக்கிறான். ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். பாதியில் நிறுத்தி, கொன்றது யார் என்று எல்லாரையும் துண்டுச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஜப்பான் இயக்குநர் குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950). அங்கேயும் ஒரு சாவு, பல வாய்மொழி. ஆனால் நம் படம் கடைசியில் உண்மையைச் சொல்லிவிடும், அது சொல்லாது. சண்டை போடத் தோதான படம்.

சிரிப்புக்கு நம் ஒழுகினசேரிக்காரர் என்.எஸ். கிருஷ்ணனின் ‘நல்லதம்பி’ (1949). அதில் வரும் கிந்தனார் காலட்சேபத்துக்காகவே பார்க்கலாம். சோடிக்குச் சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ (1931). பேசும்படம் வந்த பிறகும் மனுசன் வசனம் வைக்கவில்லை. சிலைத் திறப்பு விழாவில் பெரிய மனிதர்கள் பேசும் இடத்தில் வெறும் ‘கீ கீ’ சத்தம்தான் வரும். பிள்ளைகள் உருண்டு சிரிக்கும்.

இன்னொரு ஜப்பான் இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’க்கு (1953) நான் சோடி சேர்ப்பதில்லை. வயதான அப்பா அம்மா பிள்ளைகளைப் பார்க்க நகரத்துக்கு வருகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை. லீவு போட்டு ஊர் சுற்றிக் காட்டுவது, போரில் இறந்துபோன மகனின் மனைவி. கேமரா தரையில் உட்கார்ந்தவர் கண்மட்டத்திலேயே இருக்கும், நீங்களும் பாய் விரித்து உட்காருங்கள். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் ஊரில் இதற்கு விளக்கம் வேண்டாம். ஓடுவது 2 மணி 16 நிமிடம். இடைவேளை விடாதீர்கள், கட்டன் சாயாவை முன்னாடியே கொடுத்துவிடுங்கள்.