கியோன் திருவிழாவுக்கு ஒரு வாரப் பயணம்: திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் கியோட்டோ நகரில் ஆண்டுதோறும் ஜூலையில் நடைபெறும் கியோன் திருவிழாவைக் காணச் செல்வோர் பலர், 17ஆம் தேதி காலையில் நடக்கும் தேர் ஊர்வலத்தையே திருவிழா என்று எண்ணி, 16ஆம் தேதி இரவு வந்து இறங்கி, ஊர்வலம் முடிந்த கையோடு வேறு ஊருக்குப் புறப்படும் வகையில் பயணச்சீட்டு எடுத்துவிடுகிறார்கள். தவறுகளில் முதலாவதும் பெரியதும் இதுதான். யசாகா ஆலயத்தைச் சார்ந்த இந்தத் திருவிழா ஜூலை மாதம் முழுவதும் நடக்கிறது. 869ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது அதைத் தணிக்க நடத்திய வழிபாட்டிலிருந்து தோன்றிய விழா இது. காலையில் தேர்கள் வலம் வந்து வீதிகளைத் தூய்மை செய்த பிறகே, அன்று மாலை மூன்று பல்லக்குகளில் தெய்வங்கள் ஆலயத்திலிருந்து எழுந்தருளுகின்றன. ஷிஜோ வீதியில் உள்ள மண்டபத்தில் ஒரு வாரம் தங்கியிருந்து, 24ஆம் தேதி இரவு ஆலயத்துக்குத் திரும்புகின்றன. மாலைப் பல்லக்குகளைக் காணாமல் போகிறவர்கள் முன்னோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, வந்த காரியத்தைத் தவறவிடுகிறார்கள்.

ஊர்வலம் ஒன்றுதான் என்று நம்புவது அடுத்த தவறு. 1966 முதல் 2013 வரை எல்லாத் தேர்களும் 17ஆம் தேதியே சென்றன. 2014 முதல் பழைய முறைப்படி 17ஆம் தேதி முன் விழா, 24ஆம் தேதி பின் விழா என்று இரண்டு ஊர்வலங்கள் நடக்கின்றன. பழைய கையேட்டை நம்பிப் போகிறவர்களுக்கு இந்த மாற்றம் தெரிவதில்லை. முன் விழாவில் 23 தேர்களும் பின் விழாவில் 11 தேர்களும் வருகின்றன. 1864ஆம் ஆண்டுத் தீயில் அழிந்து 2014இல் மீண்டும் வீதிக்கு வந்த கப்பல் வடிவத் தேரான ஓஃபுனே ஹோகோவைப் பின் விழாவில் மட்டுமே காணலாம். சாலையோரத் தின்பண்டக் கடைகளையும் விளக்கொளியில் நிரம்பி வழியும் வீதிகளையும் விரும்புவோர் 12 முதல் 18 வரை தங்க வேண்டும். முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வோர் 18 முதல் 25 வரை தங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அந்த வாரத்தில் கடைத்தெருவின் ஆரவாரம் இல்லை; அதனாலேயே தேர்களின் அருகில் நின்று, குழலும் மணியும் சேர்ந்த இசையை நிதானமாகக் கேட்க முடிகிறது.

நாள்கள் வார இறுதிக்கு ஏற்ப மாறும் என்று எதிர்பார்க்கக் கூடாது; எந்தக் கிழமையில் வந்தாலும் 17, 24 ஆகிய தேதிகளே உறுதி. ஜூலை மூன்றாம் திங்கள் ஜப்பானில் பொது விடுமுறை என்பதால், அது விழா நாள்களை ஒட்டி வரும் ஆண்டுகளில் அறைகள் இன்னும் விரைவாகத் தீர்ந்துவிடும்.

தேர் கட்டும் நாள்களைப் பலரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எனக்குப் பெரிய வருத்தம் தருவது இதுதான். முன் விழாத் தேர்களை 10ஆம் தேதி முதல் அந்தந்தத் தெருவிலேயே பூட்டுகிறார்கள். ஆணிக்குப் பதிலாக வைக்கோல் கயிற்றால் மரச்சட்டங்களை இறுக்கிக் கட்டுகிறார்கள். சுற்றின் மேல் சுற்றாக ஏறும் அந்தக் கயிற்றுக்கட்டு, மூலைகளில் நேர்த்தியான கோலம்போல அமைந்துவிடுகிறது. பெரிய தேர்கள் ஏறத்தாழ 25 மீட்டர் உயரமும் 12 டன் வரை எடையும் கொண்டவை. ஓடும்போது கயிற்றுக்கட்டு சற்று நெகிழ்ந்துகொடுப்பதால்தான் சட்டங்கள் பிளவுபடாமல் தாங்குகின்றன. ஊர்வலத்தன்று அலங்காரத் துணிகள் இந்தக் கட்டுகளை மறைத்துவிடும். 12, 13 ஆகிய நாள்களில் நடைபெறும் வெள்ளோட்டத்தில் வெளியூர்க்காரர்களும் வடம் பிடிக்கலாம் என்பதை அறியாமல், அந்த நாள்களை ஒசாகாவிலோ நாராவிலோ கழித்துவிடுகிறவர்கள் ஏராளம்.

ஊர்வலம் முடிந்த பிறகு தேர்களை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் பலிக்காது. நிலைக்குத் திரும்பியதுமே அவற்றைப் பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தேர்களைச் சுற்றித் தொங்கும் துணிகளில் 16ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் நெய்த சித்திரத் திரைச்சீலைகளும், இந்தியாவின் தக்காணப் பகுதியில் நெய்தவை என்று ஆய்வாளர்கள் கருதும் கம்பளங்களும் உண்டு. அவற்றை அருகில் பார்க்க ஊர்வலத்துக்கு முந்தைய மாலைகளே ஏற்றவை. சில தேர்களின் மேலே ஏறியும் பார்க்கலாம். ஆனால் ஊர்வலத்தின் முதல் தேரான நகினாதா ஹோகோவில் மரபுப்படி பெண்களை ஏற்றுவதில்லை என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் ஏமாற்றம் இராது.

நிற்கும் இடத்தைத் தேர்வு செய்வதிலும் எல்லோரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். ஷிஜோ வீதியும் கவராமாச்சி வீதியும் சந்திக்கும் முனையில், சக்கரங்களுக்கு அடியில் பச்சை மூங்கில் பிளாச்சுகளைப் பரப்பித் தண்ணீர் ஊற்றி, பக்கவாட்டில் வடம் இழுத்துத் தேரைத் திருப்புவார்கள். அதைக் காண விடிவதற்கு முன்பிருந்தே கூட்டம் சேர்ந்துவிடும். பிந்தி வந்தால் தலைகளை மட்டுமே பார்க்க நேரும். ஊர்வலத்தின் கடைசிப் பகுதியான குறுகிய ஷின்மாச்சி தெருவில் தேர்கள் வீட்டுக் கூரைகளை உரசுவதுபோல நகர்கின்றன. என் பரிந்துரை அந்த இடமே. நீண்ட நேரம் நிற்க முடியாதவர்கள் ஒய்கே வீதியில் கட்டண இருக்கையை முன்பதிவு செய்யலாம். ஆனால் அங்கே நிழல் இருக்காது.

15, 16 ஆகிய தேதிகளின் மாலையில் பெட்டியோடு நகர் மையத்துக்குள் நுழையவே கூடாது. மாலை 6 மணி முதல் ஷிஜோ, கரசுமா வீதிகளில் வாகனப் போக்குவரத்தை நிறுத்திவிடுகிறார்கள். பேருந்துகள் வழி மாறுகின்றன. பல சந்துகள் நடப்பவர்களுக்கும் ஒருவழிப் பாதையாகிவிடுகின்றன. ஆகவே விடுதிக்கு வந்து சேரும் நாளை இவ்விரண்டுக்கும் முன்னதாக வைத்துக்கொள்ள வேண்டும். கியோட்டோவில் அறை கிடைக்காவிட்டால், ரயிலில் சுமார் 10 நிமிடத் தொலைவில் உள்ள ஒட்சு நகரில் தேடலாம். ஒசாகாவில் தங்குவோர் இரவின் கடைசி ரயில் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்வது அவசியம்.

வெயிலுக்குப் பழகியவர்கள்தானே என்ற துணிச்சல் நம்மவர்களுக்கு அதிகம். கியோட்டோ மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் இருப்பதால் காற்று தேங்கி, 35 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தோடு புழுக்கமும் வாட்டும், கடற்காற்றும் இல்லை. நண்பகலில் கோயில்களை வரிசையாக அடுக்கிவைக்காமல், ஒரு நாளை ஹியேய் மலைக்கும் மற்றொரு நாளைக் கிபுனே ஆற்றோரத்துக்கும் ஒதுக்கலாம். மழைக்காலத்தின் கடைசி நாள்கள் இவை என்பதால் மழையும் வரலாம். ஆனால் மழை பெய்தாலும், விரிப்புகளைப் போர்த்திக்கொண்டு தேர்கள் புறப்பட்டுவிடும்.

தேர்களின் அருகே விற்கும் சிமாகி என்ற மூங்கில் இலைக் கட்டைத் தின்பண்டம் என்று நினைத்து வாங்கிப் பிரிப்பவர்கள் உண்டு. அது ஓராண்டுக் காலம் வீட்டு வாசலில் தொங்கவிடும் காப்பு. சைவ உணவு மட்டுமே உண்பவர்கள், காய்கறி உணவிலும் மீன் சாறு கலந்திருக்கும் என்பதை மனத்தில் கொண்டு, புத்த மடங்களின் மரபில் சமைக்கும் ஷோஜின் உணவகங்களில் முன்கூட்டியே இடம் பிடித்துவைப்பது நல்லது.

செலவைப் பொறுத்தவரை, நாடு முழுவதற்குமான 7 நாள் ரயில் பாஸைப் பழக்கத்தினால் வாங்குவதுதான் பெரிய வீண்செலவு. 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு அதிவேக ரயிலில் போய்வரச் சுமார் 28,000 யென்தான் ஆகும். ஒரே ஊரில் தங்கி விழாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்தப் பாஸ் தேவையில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டி இருந்தால், அந்த ரயிலில் அதற்குரிய இருக்கையை முன்பதிவு செய்தாக வேண்டும்.