ஒரு ரூபாய் வஞ்சிரமும் பச்சை டிக்கும்: ஜெஸ்ட்டில் ஃபெட்ச் டெஸ்ட்

கடலூர் துறைமுகத்து மீன் விலையைக் காட்டும் ஒரு சின்ன ஆப்பைப் பழகுவதற்காக எழுதிக்கொண்டிருந்தேன். சர்வரிலிருந்து விலையை எடுத்துவரும் ஃபங்ஷனுக்கு, ஜாவாஸ்கிரிப்ட் கோடைச் சோதிக்கும் கருவியான ஜெஸ்ட்டில் டெஸ்ட் போட்டேன். பச்சை டிக், அதாவது பாஸ். ஏதோ சந்தேகம் வந்து, வஞ்சிரம் கிலோ 1 ரூபாய் என்று எதிர்பார்க்கும்படி மாற்றி ஓட்டினேன். அப்போதும் பச்சை! அந்த விலைக்குக் கிடைத்தால் நான் ஏன் கோட் எழுதுகிறேன்?

நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். விடையை வேண்டுமென்றே தப்பாக்கி ஓட்டுங்கள். சிவப்பு வரவில்லை என்றால் அந்த டெஸ்ட் எதையும் சோதிக்கவில்லை.

சர்வரிடம் தகவல் கேட்கும் ஃபெட்ச் கையோடு விலையைத் தராது, ‘பிறகு தருகிறேன்’ என்ற ஒரு ப்ராமிஸைத்தான் தரும். மீன் வாங்க ஆளை அனுப்பிவிட்டு, அவர் வருவதற்குள் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது ஜெஸ்ட். பதில் வந்தபின் ஓடும் ‘தென்’னுக்குள் விலையை ஒப்பிடும் எக்ஸ்பெக்ட் ஓடும்போது டெஸ்ட் முடிந்தே போயிருக்கும்.

சரி, காத்திருக்க வைப்போம். டெஸ்ட் ஃபங்ஷனுக்கு முன்னால் அசிங்க் சேருங்கள், விலையைக் கேட்கும் வரியில் அவெயிட் போடுங்கள். ‘தென்’தான் வேண்டும் என்றால் அந்த ப்ராமிஸை ரிட்டர்ன் செய்ய வேண்டும், அதைத்தான் நான் மறந்திருந்தேன். அவெயிட் போட்டு, அதே தப்பு விலையோடு ஓட்டினேன். சிவப்பு. எதிர்பார்த்தது 1, வந்தது 900. ஒரு தோல்வியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

கூடவே, டெஸ்ட்டின் முதல் வரியில் எக்ஸ்பெக்ட் டாட் அசர்ஷன்ஸ் என்று எழுதி 1 என்று கொடுத்துவிடுங்கள். ஒரு சோதனை ஓட வேண்டும் என்று அதற்கு அர்த்தம்; அது ஓடாமல் போனால் ஜெஸ்ட் காட்டிக்கொடுக்கும்.

இப்போது 5000 மில்லி செகண்ட் தாண்டியது என்று டைம் அவுட் பிழை வரலாம். ஜெஸ்ட் தானாகப் பொறுத்திருக்கும் நேரம் அவ்வளவுதான். உடனே அதைக் கூட்டாதீர்கள். நிஜ சர்வரை நம்பினால், மழை நாளில் நெட் போகும்போது டெஸ்ட்டும் போகும், அது நமக்கு வேண்டாம். குளோபல் ஃபெட்ச்சின் இடத்தில் ஜெஸ்ட் டாட் எஃப்என் கொண்டு போலி ஒன்றை வையுங்கள். அது தரும் பதிலில், பதில் சரியா என்று சொல்லும் ஓகே, உள்ளிருக்கும் தகவலைத் தரும் ஜேசன் இரண்டும் இருக்க வேண்டும்; அவற்றில் ஜேசன் ஒரு ஃபங்ஷன். டெஸ்ட் முடிந்ததும் பழைய ஃபெட்ச்சைத் திரும்ப வைத்துவிடுங்கள், இல்லையென்றால் அதே கோப்பில் அடுத்த டெஸ்ட்டும் போலியையே கேட்கும்.

கடைசியாக, 404, அதாவது கேட்டது சர்வரில் இல்லை என்ற பதில். அது வந்தால் ஃபெட்ச் ப்ராமிஸை ரிஜெக்ட் செய்யும், அதாவது தோல்வி என்று சொல்லும் என்று நினைத்து, அதை எதிர்பார்க்கும் ரிஜெக்ட்ஸ் போட்டு ஏமாந்தேன். இணைப்பே கிடைக்காதது போன்ற சிக்கலில்தான் ஃபெட்ச் ரிஜெக்ட் ஆகும். 404 அதற்கு ஒழுங்காக வந்த பதில்தான். ஓகே இல்லையென்றால் நம் ஃபங்ஷனுக்குள் நாமே பிழையை த்ரோ செய்ய வேண்டும். ரிஜெக்ட்ஸ் எழுதும் வரியில் எக்ஸ்பெக்ட்டுக்கு முன்னாலும் ஓர் அவெயிட் வேண்டும்.