சுழலும் ஈயக்குண்டின் தொடுகோட்டு வேகத்தைக் கணக்கிடுவது எப்படி?

பாம்பன் கரையில் தங்கூசியின் (நைலான் தூண்டில் இழையின்) முனையில் ஈயக்குண்டையும் தூண்டில் முள்ளையும் கட்டி, கையால் சில முறை சுழற்றிக் கடலுக்குள் வீசுவார்கள். பிடியை விட்டபின் குண்டு வட்டத்தைத் தொடர்வதில்லை. விடுபட்ட புள்ளியில் வட்டத்துக்கு வரையும் தொடுகோட்டின் திசையில் புறப்படுகிறது, புவியீர்ப்பு அதன் பிறகே பாதையை வளைக்கிறது. அவ்வாறு புறப்படும் வேகமே தொடுகோட்டு வேகம். இதை அளக்க முள்ளைக் கழற்றிவிட்டு, ஆளில்லாத மணல்வெளிக்குச் செல்லுங்கள்.

முதலில் ஆரத்தை அளக்க வேண்டும். தங்கூசியின் மொத்த நீளம் இங்கே தேவையில்லை. சுழற்சியின் மையமான கையிலிருந்து குண்டு வரையுள்ள நீளமே ஆரம். அது 0.7 மீட்டர் என்று கொள்வோம்.

அடுத்தது சுற்றுக்காலம், அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் நேரம். ஒரே சுற்றை அளந்தால் அலைபேசியின் பொத்தானை அழுத்தும் விரலின் தாமதமே விடையைக் கெடுத்துவிடும் என்பதால், ஒருவர் சீராகச் சுழற்ற, மற்றொருவர் 10 சுற்றுகளுக்கான நேரத்தைக் குறித்து, அதைப் பத்தால் வகுக்க வேண்டும். 10 சுற்றுகளுக்கு 5 நொடி ஆனால் சுற்றுக்காலம் 0.5 நொடி.

இப்போது ஒரு சுற்றில் குண்டு கடக்கும் தொலைவு, வட்டத்தின் சுற்றளவான 2 × 22/7 × 0.7 = 4.4 மீட்டர். அதை 0.5 நொடியால் வகுத்தால் நொடிக்கு 8.8 மீட்டர் கிடைக்கும், 3.6 ஆல் பெருக்கினால் மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டர். செங்குத்தாகச் சுழலும் குண்டு கீழே விரைந்தும் மேலே சற்றுத் தளர்ந்தும் செல்வதால், இது சராசரி மதிப்பு என்பதை நினைவில் கொள்க.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்: தங்கூசியின் நடுப்புள்ளியும் அதே 0.5 நொடியில்தான் ஒரு சுற்றை முடிக்கிறது, ஆனால் அதன் ஆரம் 0.35 மீட்டர் என்பதால் அதன் வேகம் நொடிக்கு 4.4 மீட்டர் மட்டுமே. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது கோண வேகம், அதாவது ஒரு நொடியில் சுழலும் கோணம். கோணத்தை அளக்கும் அலகான ரேடியனில் ஒரு சுற்று 2 × 22/7 ஆதலால், அது நொடிக்குச் சுமார் 12.57 ரேடியன். அதை ஆரத்தால் பெருக்கினாலும் அதே 8.8 வரும்.

இதே கணக்கை, நீங்கள் நிற்கும் மணலுக்கும் போட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ 9.3 பாகை வடக்கு அட்சரேகையில் உள்ள இராமேசுவரம், பூமியின் அச்சைச் சுற்றிச் சுமார் 6,294 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில், 86,164 நொடிக்கு ஒரு முறை சுழல்கிறது. அதன் தொடுகோட்டு வேகம் நொடிக்குச் சுமார் 459 மீட்டர்.