மைனஸை அழித்துவிட்டால் தனி மதிப்பு வந்துவிடுமா?

குறை எண்களுக்குப் பனிப்பிரதேசத்தின் வெப்பநிலையை உதாரணம் காட்டுவது வழக்கம். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் வளர்கிற பிள்ளைக்கு மைனஸ் 5 டிகிரி எப்படி இருக்கும் என்று எங்கே தெரியும்? மாலையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் கிணற்றைத்தான் காட்டுவேன். பாலாற்றங்கரை ஊர்களில் கிணற்றை எட்டிப் பார்க்காத பிள்ளை அரிது.

தரைமட்டம் 0. கோடையில் தண்ணீர் 30 அடிக்குக் கீழே கிடந்தால் அது −30. ஐப்பசி மழைக்குப் பிறகு 18 அடியில் நின்றால் −18. இதில் எது பெரிய எண்? "30தானே பெரிசு, அப்போ −30" என்று பலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். தண்ணீர் ஏறியல்லவா இருக்கிறது! எண்கோட்டில் மேலே இருப்பதே பெரியது. −18 > −30.

ஆனால் "எது ஆழம்?" என்று கேட்டால் விடை 30. வாளி எட்ட 30 அடிக் கயிறு வேண்டும். மைனஸ் 30 அடிக் கயிறு கொடுங்கள் என்று கடையில் யாரும் கேட்பதில்லை. அந்தக் கயிற்றின் நீளம்தான் தனி மதிப்பு. எண்ணின் இரு பக்கமும் ஒரு கோடு போட்டு அதை எழுதுவோம்: |−30| = 30. மேலே 30 அடி உயரத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதற்கும் |30| = 30. ஆகவே |x| = 30 என்றால் x-க்கு 30, −30 என இரண்டு விடைகள். ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மதிப்பெண் இழப்பவர்கள் நிறையப் பேர். |x| = −30 என்பதற்கோ விடையே கிடையாது.

"தனி மதிப்புன்னா மைனஸை எடுத்துடு" என்று குறுக்குவழி சொல்லித்தருவதை நான் ஏற்கவே மாட்டேன். அதை நம்பிய பிள்ளை |3 − 8| என்பதை 3 + 8 ஆக்கி 11 என்று எழுதும். உள்ளே முதலில் கழிக்க வேண்டும்: −5, அதன் தனி மதிப்பு 5. அதே பிள்ளை −|−5| என்பதற்கு 5 என்று எழுதும். கோட்டுக்கு வெளியே நிற்கும் மைனஸைத் தொடக் கூடாது, விடை −5. பெரிய வகுப்புக்குப் போனதும் −x என்றாலே குறை எண் என்று முடிவுகட்டுவதும் இதனால்தான். x = −7 என்றால் −x என்பது 7.

இன்னொரு தவறு, |−6 + 4| என்பதை |−6| + |4| என்று பிரிப்பது. வாளி 6 அடி இறங்கி 4 அடி ஏறினால், கிளம்பிய இடத்திலிருந்து 2 அடி தள்ளி நிற்கிறது. அது பயணம் செய்தது 10 அடி. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

"மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்" என்ற மந்திரத்தைக் கூட்டலில் சொல்லி −5 + (−3) = 8 என்பார்கள். அது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரிய விதி. கி.பி. 628-லேயே இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் குறை எண்ணைக் கடன் என்றும் மிகை எண்ணைச் செல்வம் என்றும் சொல்லி விதிகளை எழுதிவைத்தார். கடனோடு கடன் சேர்ந்தால் கடன்தான் கூடும்: −8.

பெயரிலும் கவனம் வேண்டும். நம் பாடநூலில் முழு எண்கள் 0, 1, 2 என்று போகும்; குறை எண்களும் சேர்ந்தால்தான் முழுக்கள். 0 மிகையும் அல்ல, குறையும் அல்ல.

எழுதும்போது அந்த இரண்டு கோடுகளையும் எண்ணைவிட உயரமாகப் போடச் சொல்லுங்கள். |5| என்று எழுதியதை அடுத்த வரியில் 151 என்று படித்துக் கணக்கைத் தொடர்ந்த நோட்டுகளை நான் திருத்தியிருக்கிறேன்.