ஆஸ்பத்திரித் தேதி தள்ளிப் போனால் ஒய்பியிடம் (மக்கள் பிரதிநிதியிடம்) என்ன கேட்க வேண்டும்?

மலேசியாவில் கட்டணம் அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. இதை நம்பித்தான் பினாங்கில் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன, ஆனால் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நாம் ரோட்டைப் பற்றிக் கேட்கிறோம், சாக்கடையைப் பற்றிக் கேட்கிறோம், ஆஸ்பத்திரியைப் பற்றி வாய் திறப்பதில்லை. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பாருங்கள்: மூன்றாம், நான்காம் கட்டத்தில், அதாவது முற்றிய பிறகு, நோய் தெரியவந்தவர்கள் 2012-2016இல் 63.7 விழுக்காடு, 2017-2021இல் 65.1. பயந்துபோய் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்று எல்லாப் பழியையும் நோயாளி தலையில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. ஸ்கேனுக்கும் பயாப்சிக்கும் காத்திருக்கிற நாளுக்கு யார் பதில் சொல்வது?

முதலில் உங்கள் கையில் இருக்க வேண்டியதைச் சொல்கிறேன். கிளினிக் டாக்டர் சூராட் ருஜுக்கான் (ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பரிந்துரைக் கடிதம்) எழுதும்போதே, கட்டி எத்தனை நாளாக இருக்கிறது, எடை குறைந்ததா, ரத்தம் வந்ததா என்பதையெல்லாம் அதில் எழுதச் சொல்லுங்கள். தேதியைத் தீர்மானிக்கிறவர் உங்களைப் பார்க்கப்போவதில்லை, அந்தத் தாளைத்தான் பார்ப்பார். வெற்றிலையும் புகையிலையும் போடுகிற பாட்டிமார் வீட்டில் இருந்தால், இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை அரசாங்கப் பல் கிளினிக்கிலேயே காட்டலாம், நம் இனத்தவரிடையே வாய்ப் புற்றுநோய் அதிகம். கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கார்டில் போட்டுத் தருகிற தேதியையும். தேதி தூரமாக இருந்தால் கவுண்டரிலேயே "போலே அவால்கான் தாக்?" (முன்னுக்குக் கொண்டுவர முடியுமா?) என்று கேளுங்கள், கோபப்படாமல். அங்கே உட்கார்ந்திருக்கிறவர் அந்த வரிசையை உண்டாக்கியவர் இல்லை. பதில் சரியில்லையென்றால் சுகாதார அமைச்சின் சிஸ்பா தளத்தில் புகார் போட்டு, அந்த எண்ணைக் குறித்து வையுங்கள்.

இனி அரசியல். சுகாதாரம் கூட்டரசுப் பட்டியலில், அதாவது மத்திய அரசாங்கத்தின் பொறுப்பில், இருக்கிறது, அதனால் சட்டமன்ற உறுப்பினரிடம் போய் நிற்பதில் பெரிய பயனில்லை. நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போங்கள், தனியாகப் போகாமல் குடியிருப்புச் சங்கத்திலிருந்தோ கோயில் கமிட்டியிலிருந்தோ நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, அந்தத் தாள்களோடு.

அங்கே ஒன்று நடக்கும். "கடிதத்தைக் கொடுங்கள், ஆஸ்பத்திரிக்கு நானே போன் போடுகிறேன்" என்பார். உயிர் விஷயம், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடவும் கூடாது, ஏனென்றால் உங்கள் தேதி முன்னுக்கு வந்தால் போன் போட ஆளில்லாத இன்னொருவரின் தேதி பின்னுக்குப் போகிறது, வரிசை அதே நீளத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு தாளை நீட்டுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "புற்றுநோய்ச் சந்தேகத்தில் கடிதம் கொடுத்த நாளிலிருந்து முதல் சிகிச்சை வரை எத்தனை நாள் ஆகிறது? பினாங்கில் உள்ள ஒவ்வொரு அரசாங்க மருத்துவமனைக்கும் தனித்தனியாகச் சொல்லவும்." இதை மக்களவையில் எழுத்துபூர்வக் கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள். எண்கள் வேண்டுமென்றால் அதுதான் நல்லது, வாய்மொழிக் கேள்வி நேரம் போதாமல் விட்டுப்போகலாம்.

இங்கிலாந்தில் அவசரக் கடிதத்திலிருந்து சிகிச்சை தொடங்க 62 நாள் என்று கெடு இருக்கிறது, மாதாமாதம் மருத்துவமனைவாரியாகக் கணக்கு வெளியிடுகிறார்கள். பல வருடமாக அந்த இலக்கை எட்டவில்லை என்பதும் உண்மைதான், ஆனால் எட்டவில்லை என்பது ஊருக்கே தெரிவதால் அங்கே அது தேர்தல் விஷயமாகிறது. நமக்கும் அப்படி ஒரு கெடுவும் கணக்கும் வேண்டும் என்று கேளுங்கள்.

பணமில்லை என்று சொன்னால், 2023 ஜூனில் மக்களவை ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கையை நினைவுபடுத்துங்கள். பொதுச் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டுக்குக் கொண்டுபோவது அதில் உள்ள இலக்கு. ஸ்கேன் மெஷினும் நிரந்தர வேலையில் டாக்டரும் இல்லாமல் கெடு மட்டும் வைத்தால் டாக்டர்கள்தான் திட்டு வாங்குவார்கள், ஆகவே இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

பட்ஜெட் வழக்கமாக அக்டோபரில் தாக்கலாகும், ஆகஸ்டிலேயே போய்விடுவது நல்லது. கேள்வி போனதா, என்ன பதில் வந்தது என்று நாடாளுமன்றத் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புக்கு ஒய்பி எப்படியும் வருவார்.