இரும்பு நாரும் வினிகரும்: சில தனிமங்கள் தானாகத் தீப்பிடிப்பது ஏன்?

கீழக்கரையிலோ தொண்டியிலோ வீடு கட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்தே மாளாது. உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். அந்தத் துருவும், வெள்ளைப் பாஸ்பரஸ் காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றுவதும் அடிப்படையில் ஒரே வினைதான். ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிவருகிறது. வேகம்தான் வேறு. துருப்பிடிக்கும்போது வரும் வெப்பத்தை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்.

தேவையானவை: மர பாலிஷ் வேலைக்காரர்கள் தேய்க்கும் மெல்லிய இரும்பு நார் (ஹார்டுவேர் கடையில் ஸ்டீல் வுல் என்று கேளுங்கள்), வினிகர், மூடியோடு ஒரு கண்ணாடி பாட்டில், 0 முதல் 100 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது. பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் ஸ்க்ரப்பரும் வேண்டாம், அது லேசில் துருப்பிடிக்காது.

படி 1: பாட்டிலுக்குள் தெர்மாமீட்டரை வைத்து வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: நாரை ஒரு நிமிடம் வினிகரில் ஊறவையுங்கள். அதன் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தை அமிலம் நீக்கிவிடும். இந்தப் படியை விட்டால் சோதனையே இல்லை.

படி 3: நன்றாகப் பிழிந்து, தெர்மாமீட்டரின் குமிழைச் சுற்றிச் சுற்றி, பாட்டிலுக்குள் இறக்குங்கள். மூடியைச் சும்மா சாத்தினால் போதும். திருக வேண்டாம், மிச்சமிருக்கும் அமிலத்தால் கொஞ்சம் ஹைட்ரஜன் வரும்.

படி 4: ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். சில டிகிரி ஏறியிருக்கும். நாரில் அங்கங்கே செம்பழுப்பு தட்டும்.

ஜன்னல் கம்பியிலும் இதே வெப்பம் வருகிறது. ஆனால் வந்த வேகத்திலேயே காற்றோடு போய்விடுகிறது. வெளியேறுவதைவிட வேகமாக வெப்பம் சேர்ந்தால்தான் தீ. அதற்கு முதல் வழி, காற்றுப் படும் பரப்பைக் கூட்டுவது. 1 செ.மீ. கனசதுர இரும்பின் பரப்பு 6 சதுர செ.மீ. அதையே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள கனசதுரத் துகள்களாக்கினால் 6 சதுர மீட்டர்! படலம் ஏதுமில்லாத மிக நுண்ணிய இரும்புத் தூள் காற்றில் தானாகவே பற்றும்.

வெள்ளைப் பாஸ்பரஸைத் தூளாக்கக்கூடத் தேவையில்லை. நான்கு அணுக்கள் 60 டிகிரி கோணத்தில் நெருக்கிக் கட்டப்பட்ட மூலக்கூறு அது. பிணைப்புகள் இறுக்கத்தில் இருப்பதால் சட்டென்று உடையும். சுமார் 30 டிகிரியிலேயே பற்றிவிடும் என்பதால் தண்ணீருக்கடியில் வைப்பார்கள். நம்மூர் சித்திரை வெயிலுக்கு 30 எந்த மூலைக்கு? தீப்பெட்டிப் பக்கவாட்டில் உரசுகிறோமே, அங்கிருப்பதும் பாஸ்பரஸ்தான். ஆனால் அது சிவப்புப் பாஸ்பரஸ். அணுக்கள் சங்கிலியாகக் கோத்திருப்பதால் சும்மா கிடக்கிறது. தனிமத்தின் பெயரை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இது.

சீசியம் என்ற உலோகமும் காற்றுப் பட்டால் தானாகப் பற்றும், ஆனால் அதன் கதை வேறு. வெளிச்சுற்றிலுள்ள ஒற்றை எலெக்ட்ரானை அது எளிதில் விட்டுவிடும். 28.5 டிகிரியில் உருகுவதால், நம் பக்கத்துக் கோடையில் நிழலிலேயே திரவமாகிவிடும். அலுமினியமும் ஆக்சிஜனோடு ஆவலாகச் சேரக்கூடியதே. அதன் ஆக்சைடு படலம் இறுக மூடிக்கொள்வதால்தான் சட்டியாகப் புழங்குகிறோம். இரும்பின் துரு உதிர்ந்து, உள்ளே வழிவிடும்.

முடித்ததும் நாரைத் தண்ணீரில் அலசிக் குப்பையில் போடுங்கள். மிச்சமுள்ள காய்ந்த நாரை பேட்டரி பக்கம் வைக்காதீர்கள். 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளும் பட்டாலே கனன்று எரியும்.